கதிரை கொடுக்கும் முன் ஒரு கேள்வி

செட்டிகுளத்தில் ஒரு பிள்ளை இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வருகிறது. என் பிள்ளை. இரண்டு வருடத்தைத் தாண்டிய சிகிச்சை, இன்னும் சில வாரங்களில் மருந்தை நிறுத்துகிறார்கள். செய்தி பரவியதும் வந்த முதல் யோசனை: "ஒரு சின்ன நிகழ்வு வைப்பமே? எம்.பி.யையும் கூப்பிடலாம்." பொன்னாடை, மாலை, படம், முகநூல். 'இலவச மருத்துவத்தின் வெற்றி' என்ற தலைப்பும் தயாராக இருக்கும்.

வரட்டும். கணக்கையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மருந்து இலவசம். உண்மை. மருத்துவர்களையும் தாதியரையும் கையெடுத்துக் கும்பிடலாம். அதுவும் உண்மை. ஆனால் இலவசம் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பிள்ளை செட்டிகுளத்தில் இருக்கிறது. நடுவில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வீதி. பஸ் இலவசமில்லை. தகப்பன் தலை சாய்க்கும் இடம் இலவசமில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. தாய் வாட்டில், மற்றப் பிள்ளைகள் அம்மம்மாவோடு, தாலிக்கொடி அடகுக் கடையில். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் இலவசம்.

வெள்ளணு குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விடியும்வரை கிருமி பொறுக்காது. கடைசி பஸ்ஸும் பொறுக்காது.

தூரம் அதிகம், அரசாங்கம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. 2009இல் என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும். இதே செட்டிகுளத்து மெனிக் பாமில், போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தைக் கொண்டுவந்து அடைத்தது. காடு வெட்டக் காசு இருந்தது. முட்கம்பிக்குக் காசு இருந்தது. முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் சூட்ட இரசனைகூட இருந்தது. மே 23இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கி மூனே வந்து பார்த்துவிட்டுப் போனார். சனத்தை உள்ளே அடைக்க அத்தனை பஸ் கிடைத்த ஊரில், நோயாளிப் பிள்ளை வெளியே போய்வர ஒன்று கிடைப்பதில்லை.

மருந்துக்கு வருவோம். இந்த நோய்க்கு ஏற்றும் ஊசிகளில் ஒன்று வின்கிறிஸ்டீன். அதன் மூலம் நித்தியகல்யாணி, எங்கள் வேலியோரத்துப் பட்டிப்பூ. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். அதற்கு ரெண்டர் தேவையில்லை, கொமிஷன் தேவையில்லை. மருந்துக்கு மட்டும் இரண்டும் வேண்டும். 2022இல் நாட்டின் டொலர் தீர்ந்தது. மகரகமவிலேயே புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு. பெற்றோர் பெற்றோல் வரிசையிலும் நின்றார்கள், மருந்துக்கடை வாசலிலும் நின்றார்கள். டொலரைத் தீர்த்தவர்களை எந்த வரிசையிலும் காணவில்லை.

இதே மருந்துப் பிரச்சினையில் 2023 செப்டெம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல்ல மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. ஆதரவு 73, எதிர்ப்பு 113. நாற்பது வாக்கால் நம்பிக்கை உயிர் பிழைத்தது. அடுத்த மாதமே அவருக்குச் சுற்றாடல் அமைச்சு. நோயாளிகள் தப்பினார்கள், இனி மரங்களின் பாடு. பிறகு, தரமற்ற இமியூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார். எதிர்ப்புச் சக்தி இல்லாத நோயாளிக்கு ஏற்றுகிற மருந்து அது. பேசப்பட்ட தொகை 13 கோடி ரூபாய்க்கு மேல். வழக்கு நீதிமன்றத்தில். தீர்ப்பை அங்கேயே விடுவோம். கையெழுத்துப் போட்டவர், கொண்டுவந்தவர், கண்ணை மூடிக்கொண்டவர் எவருடைய பிள்ளைக்கும் அந்த ஊசி ஏறியிருக்காது என்று மட்டும் நினைப்பதற்கு எவரும் தடை போட முடியாது.

ஒரு பட்டியலும் உண்டு. ஜனாதிபதி நிதியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் வறுமை நிவாரணம் என்று எழுதி உருவாக்கப்பட்டது. அதிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் வாங்கிய அரசியல்வாதிகளின் பெயர்கள் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டன. முன்னாள் பிரதமர் டி. எம். ஜயரத்னவுக்கு 3 கோடி. ரம்புக்வெல்லவுக்கு 1 கோடியே 10 இலட்சம். சுகாதாரத்துக்கே அமைச்சராக இருந்தவருக்கும் இலவச மருத்துவம் போதவில்லை. நாங்கள் உதவி கேட்டுப் போனால் கிராம சேவகர் கடிதம், வருமானச் சான்று, மருத்துவ அறிக்கை, அதற்கொரு போட்டோப் பிரதி. அமைச்சர்களின் ஏழ்மையை உறுதிப்படுத்திக் கடிதம் கொடுத்த கிராம சேவகர் யார்? அவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அவர்கள் எடுத்தார்கள். சனம் கொடுத்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. 2016இல், மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் முன்னின்று மகரகமவுக்கு பெட் (PET) ஸ்கானர் வாங்க 20 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டினார். பிள்ளையை இழந்தவர் உண்டியல் ஏந்தினார். வரி வாங்கும் அரசாங்கம் கத்தரிக்கோல் ஏந்துகிறது, நாடா வெட்ட.

மருந்து நின்றால் எல்லாம் முடிந்துவிடாது. நோய் திரும்புகிறதா என்று வருடக்கணக்கில் இரத்தம் பார்க்க வேண்டும். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறார்கள். வறிய நாடுகளில் முப்பதும் தேறுவதில்லை. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோய் ஒன்றுதான், ஆள்பவர்கள்தான் வேறு.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஏற்றும் முன் மருந்தைச் சோதியுங்கள். நோயாளிப் பிள்ளைக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். தொடர் பரிசோதனையை வவுனியாவிலேயே முடிக்க வழி செய்யுங்கள். ஒரு அமைச்சரின் வைத்தியச் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு பஸ் காசு கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்க நிபுணர் குழு தேவையில்லை.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த முறை மதகும் மின்கம்பமும் கேட்க வேண்டாம். வடக்கின் பிள்ளைகளுக்கு வடக்கிலேயே முழுமையான புற்றுநோய்ச் சிகிச்சை எந்த வருடம் என்று கேளுங்கள். பதிலில் வருடம் இல்லாவிட்டால் கதிரை கொடுக்காதீர்கள். வீட்டிலும், நாடாளுமன்றத்திலும்.