சுண்டுவிரல் புணரியல்

கோல்ஃப் மட்டையைப் பிடிப்பதில், வலக்கை ஆட்டக்காரரின் இடக்கைக்குச் சிக்கலே இல்லை. மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்கீழ் வந்து சேரும் வலக்கையின் சுண்டுவிரலை எங்கே வைப்பது என்பதில்தான் ஆசிரியர்கள் மூன்று கட்சியானார்கள். நன்னூல் படித்தவர்கள் இதற்குக் கலங்க வேண்டியதில்லை. இடக்கை நிலைமொழி; வலக்கை வருமொழி. பத்து விரலும் மட்டையைத் தொட்டு நின்றால் இயல்பு புணர்ச்சி. ஆர்ட் வால் அப்படிப் பிடித்தே 1959இல் மாஸ்டர்ஸ் வென்றார். சுண்டுவிரல் மட்டையை விட்டு நீங்கி, இடக்கையின் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஏறிக்கொண்டால் கெடுதல். ஆட்காட்டி விரலோடு கொக்கி போட்டுக்கொண்டால் திரிதல். தோன்றல் விகாரத்துக்குப் பதினோராவது விரல் வேண்டும், சான்று கிடைக்கவில்லை.

கெடுதலுக்கு ஹாரி வார்டனின் பெயரே நிலைத்துவிட்டது. ஜெர்ஸித் தீவில் பிறந்த இவர் 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். ஸ்காட்லாந்தின் ஜானி லெய்ட்லே அவருக்கு முன்பே அப்படித்தான் பிடித்தார்; ஆனால் அவரிடம் இருந்தவை இரண்டு அமெச்சூர் பட்டங்களே. கோப்பை அதிகம் உள்ளவருக்கே பெயர் போயிற்று. திரிதல் கட்சியில் ஜாக் நிக்லஸ், டைகர் உட்ஸ்: இருவருக்கும் சேர்த்து 33 மேஜர் பட்டங்கள். நிக்லஸுக்குக் கை சிறியது, அதனால்தான் கொக்கி என்று வார்டன் கட்சியார் உடனே எழுந்து மறுப்பர்.

இவ்வளவு பூசலுக்கும் மணிக்கட்டு காது கொடுப்பதில்லை. அதற்குத் தெரிய வேண்டியது ஒன்றே: இடக்கை மட்டையின்மேல் எவ்வளவு திரும்பியிருக்கிறது? குனிந்து பார்க்கையில் அக்கையின் விரல்மொளிகளில் இரண்டு தெரிவது நடுநிலை. மூன்று, நான்கு தெரிந்தால் ஸ்ட்ராங். ஒன்றே தெரிந்தால் வீக். (இறுக்கத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஸ்ட்ராங் பிடியைத் தளர்வாகவும் பிடிக்கலாம்.)

மட்டையை ஓங்கிய உச்சியில் கணக்குத் தீர்க்கப்படும். ஸ்ட்ராங் பிடி மட்டையின் முகத்தை மூடப் பார்க்கும்; பந்து இடப்பக்கம் வளையும். அதைச் சரிக்கட்ட இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் சற்றே மடிய வேண்டும். அம்மடிப்பு முகத்தைத் திறக்கும். வீக் பிடிக்கோ உள்ளங்கைப் பக்க மடிப்பு. ஆகவே, பிடி எது என்று விசாரிக்காமல் மணிக்கட்டைத் தட்டையாக வை என்று எல்லோருக்கும் ஓதும் பயிற்சியாளர், நிலைமொழி ஈறு பாராமல் வல்லினம் மிகும் என்பவருக்கு ஒப்பாவார். பந்தும் மட்டையும் தொட்டுக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் சுமார் 2,000இல் ஒரு பங்கு. இடையில் புகுந்து பிழை திருத்த முடியாது.

இந்தக் கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டவர் பென் ஹோகன். இடப்பக்கம் வளையும் ஹூக் அடித்து அடித்து நொந்த இந்த டெக்சஸ்காரர், பிடியை வீக் பக்கம் திருப்பினார். போதாதென்று உச்சியில் மணிக்கட்டையும் புறங்கைப் பக்கம் மடித்தார். இரண்டும் முகத்தைத் திறப்பவை. ஹூக் ஒழிந்தது. 1955இல் ‘லைஃப்’ பத்திரிகையில் இதை இரகசியம் என்று வெளியிட்டார். 1957இல் வந்த அவரது ஐந்து பாடங்களில் முதல் பாடமே பிடிதான். வலப்பக்கம் வளையும் ஸ்லைஸால் அவதிப்படும் சாமானியர் இதை அப்படியே கைக்கொண்டால், முன்பு வேலியருகே விழுந்த பந்து இனி வேலியைத் தாண்டும்.

இனிப் புறனடை. டஸ்டின் ஜான்சனின் பிடி ஸ்ட்ராங் பக்கம். மணிக்கட்டோ உள்ளங்கைப் பக்கம் ஆழமாக மடியும். நம் சூத்திரப்படி அவர் பந்து இடப்பக்கப் புதரில் கிடக்க வேண்டும். இடுப்பையும் மார்பையும் முன்கூட்டியே இலக்கு நோக்கித் திருப்பி அவர் தப்பித்துக்கொள்கிறார்; 2016இல் அமெரிக்க ஓப்பன், 2020இல் மாஸ்டர்ஸ். அவர் மணிக்கட்டை மட்டும் பார்த்துக் கற்றவர்கள் புதரில் பந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.