தோன்றல், திரிதல், கெடுதல்: வீட்டுக் கணினிக்கான புணர்ச்சி விதிகள்

பாயிரம்

நிலைமொழியும் வருமொழியும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நன்னூல் விரிவாகச் சொல்லிவிட்டது. பழைய கணினியும் புதிய ரேமும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டது. பவணந்தி முனிவர் காலத்தில் மின்சாரம் இல்லை என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. விட்டுப்போன அந்த இயலை எழுதிச் சேர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்: எங்கள் வீட்டு ஹாலின் மூலை. ஆய்வுப் பொருள்: 2012இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. ஆய்வுக் கருவி: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. நிதி நல்கியவர்: நான். நெறியாளர்: என் மனைவி. "ஓடுறதை ஏங்க நோண்டறீங்க?" என்பது அவர் வகுத்த முதல் நெறி. அதை மீறித்தான் ஆய்வு தொடங்கியது.

பெயரியல்

பெட்டி முழுவதையும் நாம் 'சிபியு' என்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே ஃபேனுக்கு அடியில் கிடக்கும், நான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு சதுரச் சில்லு. உறுப்பின் பெயர் முழுப் பொருளுக்கு ஆகி வந்ததால் இது சினையாகுபெயர். 'தலைக்கு நூறு ரூபாய்' என்பதுபோல. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்வதும் இந்தப் பெட்டிதான். எங்கள் பெட்டியில் பல வருடத்துச் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து பக்கவாட்டுத் திருகாணியை மூடியிருந்தது. ஆகவே ஆய்வின் முதல் அரைமணி நேரம் தொல்லியல் துறையைச் சார்ந்தது.

இயல்பு புணர்ச்சி

பொன் + மலை = பொன்மலை. சேர்ந்தன, ஒன்றும் மாறவில்லை. யூடியூபில் நடப்பதெல்லாம் இந்த வகைதான். ஒருவர் மூடியைத் திறப்பார், ரேமை அழுத்துவார், 'டக்' என்று ஓசை கேட்கும், மூடிவிடுவார். வீடுகளில் நடப்பது விகாரப் புணர்ச்சி. அது மூவகைப்படும்.

திரிதல்

பொன் + குடம் = பொற்குடம். இங்கே 'ன்' என்பது 'ற்' ஆகத் திரிகிறது. கணினியில் எழுத்து திரிவதில்லை. ஆள் திரிகிறான், பெரும்பாலும் சென்னை ரிச்சி தெருவில்.

எட்டு ஜிபி ரேம் கேட்டேன். "டிடிஆர் த்ரீயா, ஃபோரா சார்?" என்றார் கடைப்பையன். மூன்றைவிட நான்கு பெரிது என்ற கணித அறிவைக் கொண்டு "ஃபோர்" என்றேன்.

வீட்டில் அது நுழைய மறுத்தது. இரண்டும் பார்க்க ஒரே நீளம்தான். ஆனால் டிடிஆர்3 ரேமின் விளிம்பில் 240 தொடுமுனைகள், டிடிஆர்4இல் 288. நடுவில் உள்ள வெட்டும் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். மாற்றிச் செருகிவிடக் கூடாதே என்று பொறியாளர்கள் வேண்டுமென்றே வைத்த வெட்டு அது. கையைத் தடுக்க இப்படி ஓர் ஏற்பாடு செய்தவர்கள், கடையில் வாயைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் அதே கடை. "கவர் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்." பிறகு ஐந்து கடைகள் திரிந்தேன். ஐந்தாவது கடைக்காரர் முந்நூறு ரூபாய் கழித்துக்கொண்டு டிடிஆர்3 கொடுத்தார்.

தோன்றல்

வாழை + பழம் = வாழைப்பழம். இரண்டுக்கும் நடுவே 'ப்' தோன்றுகிறது. கணினி + ரேம் என்று சேர்த்தபோது நடுவே 'பீப்' தோன்றியது. ஒருமுறை அன்று, நிறுத்தாமல். திரையில் இருட்டு.

இந்த இடத்தில் நம் நாட்டு மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மரபு கைகொடுத்தது. மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, ரேமின் தங்க முலாம் விளிம்பை இருபுறமும் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினேன். திரை மலர்ந்தது. வல்லினம் மிகா இடங்களை மனப்பாடம் செய்ததுபோல இதையும் குறித்துக்கொள்க: மொத்த ஆய்விலும் செலவு மிகா இடம் இது ஒன்றுதான்.

கெடுதல்

மரம் + வேர் = மரவேர். 'ம்' கெட்டது. அதுபோல, 4 + 8 = 3.2.

பழைய நாலு ஜிபியுடன் புதிய எட்டைச் சேர்த்தும், 'பயன்படுத்தக்கூடியது 3.2 ஜிபி' என்றது விண்டோஸ். என்னுடையது 32-பிட் விண்டோஸ் 10. முப்பத்திரண்டு இருமக் குறிகளால் 4,29,49,67,296 முகவரிகளைத்தான் எழுத முடியும். அதாவது நாலு ஜிபி. அதிலும் ஒரு பங்கை வீடியோ கார்டு முதலிய உறுப்புகள் எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் நமக்கு. நான் வாங்கிய எட்டு ஜிபி, முகவரி இல்லாத வீட்டில் குடியிருந்தது.

தீர்வு 64-பிட். 32-பிட்டின் மேலேயே அதை ஏற்ற முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதற்கென்று ஒரு எஸ்எஸ்டி வாங்கினேன். பெட்டியில் கேபிள் இல்லை, மறுபடி திரிதல். மாட்டினால், அட்டையில் 512 என்றிருந்தது திரையில் 476 ஆனது. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பழைய மளிகைக் கடைப் படிக்கல்லும் வீட்டுப் படியும் ஒத்துப்போகாத கதைதான்.

ஆனாலும் கணினி பறந்தது. நெறியாளரை அழைத்துக் காட்டினேன்.

"ஸ்பீடாதான் இருக்கு. பாப்பாவோட ஹால் டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்க."

64-பிட் விண்டோஸுக்கு 64-பிட் டிரைவர் வேண்டும். எங்கள் பழைய பிரின்டருக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதியிருக்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது.

புறனடை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி என் கணினியில் இல்லை. இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், என்னுடையது மூன்றாம் தலைமுறை. நிலைமொழியே வேண்டாம் என்று சொல்லும் வருமொழியை எந்த இலக்கணமும் இதுவரை கண்டதில்லை.

இயல்பாகப் புணர்ந்த உறுப்பு ஒன்றே ஒன்று: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்துபோனதால் கணினி தினமும் காலையில் 2012க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 20 என்பது அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். மற்றவையெல்லாம் இடுகுறி, இது சுத்தமான காரணப்பெயர். நாற்பது ரூபாய்க்கு வாங்கி வைத்தேன், பொருந்திக்கொண்டது.

முடிபு

புதிதாக வருவது எதுவும் தான் மட்டும் வருவதில்லை. பக்கத்தில் இருப்பதை மாற்றிவிட்டுத்தான் உட்காரும். இதுவே இவ்வாய்வின் ஒரே விதி. இதைக் கண்டறிய ஆன செலவு ஏழாயிரத்துச் சொச்சம், கெட்டது ஒரு பிரின்டர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைக்குக் கிளம்புமுன் உங்கள் விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டா என்று பாருங்கள். பிறகு பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் கேள்வி வந்தால் வாயைத் திறக்காமல் அதை நீட்டுங்கள்.