ஃபைபர் வரும் முன்னே, வேகம் வரும் பின்னே

பேரையூர்ப் பக்கத்து வீடுகளுக்கு லினக்ஸ் பெரும்பாலும் கடை வழியாக வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பையோடு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த லேப்டாப்களில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெயர்தான் பாஸ், வீட்டில் அதன் பேச்சு எடுபடவில்லை. வைரஸ் ஏறி விண்டோஸ் படுத்த பிறகே அதற்குப் பதவி கிடைத்தது.

அதே 2011-இல்தான் ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பின்னாளில் பாரத்நெட் என்று பெயர் மாறிய அதைத் தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. பேரையூர் பேரூராட்சி என்பதால் இந்தக் கணக்கில் வராது. சுற்றியுள்ள ஊராட்சிகள் வரும். பெரிய ஊர் என்று பேரெடுத்தால் இப்படியும் நடக்கும்.

ஃபைபர் யாருடையதானாலும் சுவரில் மாட்டிய மோடத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது. அங்கிருந்து கணினி வரையுள்ள பத்தடியில்தான் வேகம் தொலைகிறது. முதல் சந்தேகம் லேன் கேபிள் மேல் விழவேண்டும். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். நூறு எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு ஜோடியில் ஒரே ஒரு கம்பி கிளிப்புக்குள் சரியாகப் பதியாவிட்டாலும் கணினி புகார் ஏதும் சொல்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். டெர்மினலில் ஈத்டூல் கட்டளை கொடுத்தால் இந்த உண்மை வெளியே வரும். கொக்கி ஒடிந்த கிளிப்பைத் தீக்குச்சி வைத்து இறுக்கியிருக்கும் வீடுகளில் கட்டளையே தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

வைஃபை தனிக்கதை. லினக்ஸில் சில வைஃபை சிப்புகளுக்கு ஃபர்ம்வேர் தனியாக இறக்கவேண்டும். அதை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கணக்கு இது. செல்போனை யுஎஸ்பி ஒயரில் செருகி அதன் நெட்டைக் கடன் வாங்குவதே பரிகாரம். 2023-இல் வந்த டெபியன் 12 லினக்ஸ் இந்த ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்த்துவிட்டது.

பழைய பிராட்பேண்ட் காலத்தில் கணினியே டயல் செய்யும்படி போட்டுவைத்த பிபிபிஓஇ இணைப்பை அழித்துவிடலாம். அந்த வேலையை இப்போது மோடமே பார்க்கும்.

நூறு எம்பிபிஎஸ் திட்டத்தில் படம் இறங்கும்போது திரை 12 என்று காட்டும். அது பைட் கணக்கு. எட்டால் பெருக்காமல் கேபிள்காரரோடு சண்டைக்குப் போகக்கூடாது.

மிச்சம் இருப்பது கரண்ட். லேப்டாப்பில் பேட்டரி உண்டு, மோடத்தில் கிடையாது. 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று போதும். அதில் டிவியையும் செருக முடியுமா என்று சீரியல் நேரத்தில் கேள்வி வரும். முடியாது.