படம் முடிந்தபின் தாழ்ப்பாள் பார்த்தல்: ஓர் ஆய்வு

திரில்லர் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், பார்த்தவர் எழுந்துபோய் வாசல் கதவைத் தொட்டுப் பார்க்கும் செயல் ‘பின்படத் தாழ்ப்பாள் நோக்கு’ எனப்படும். தாழ்ப்பாள் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும் என்பது இதன் முதல் இலக்கணம். போடாத தாழ்ப்பாளைப் போடுவது வெறும் வீட்டு வேலை. போட்டதை எடுத்துவிட்டு, ஓசை கேட்கும்படி மறுபடி போடுவதே ஆய்வுக்குரியது.

சினிமா கொட்டகைகளின் காலத்தில் இவ்வழக்கம் முழு வளர்ச்சி பெறவில்லை. இரண்டாம் ஆட்டம் பார்த்துத் திரும்புபவரின் அச்சமெல்லாம் வழியில் தெருநாய்களிடமே செலவாகிவிடும். வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். தட்டித்தான் எழுப்ப வேண்டும். அதாவது, நள்ளிரவில் கதவைத் தட்டும் மர்ம மனிதர் அவரே. பிற்பாடு தொலைக்காட்சியும் ஓடிடியும் கொலையாளியை நேராகக் கூடத்துக்கே கொண்டுவந்து விட்டன. சோபாவிலிருந்து வாசல் எட்டிப்பிடிக்கும் தூரம் என்பதால் வழக்கம் தழைத்தது.

தாழ்ப்பாளால் பயன் உண்டா என்ற கேள்விக்குத் திரைச்சான்றுகள் சாதகமாக இல்லை. பாட்டே இல்லாமல் 1954-ல் வந்த எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ படத்தில், சிவாஜியைச் சுட்டது யார் என்று ஒவ்வொருவராகச் சந்தேகித்துக்கொண்டே போகிறார்கள், சுட்டவர் மனைவி. (எழுபது ஆண்டு ஆகிவிட்ட படத்தின் முடிவைச் சொல்வது குற்றமாகாது.) பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் ஸ்ரீதேவி அஞ்ச வேண்டியது சுவரேறிக் குதிப்பவரை அல்ல, தாலி கட்டியவரை. 2009-ல் வந்த ‘யாவரும் நலம்’ மாதவனின் வீட்டுக்குள் தொலைக்காட்சித் தொடர் வழியாகவே ஆபத்தைக் கொண்டுவந்தது; வாசலில் எத்தனை பூட்டுத் தொங்கினாலும் அது ஒளிபரப்பாகும். இச்சான்றுகளின்படி தமிழ்த் திரில்லரின் கொலையாளி பெரும்பாலும் குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர். கதவைத் தாழிடுவதால் நடப்பது ஒன்றுதான்: அவரும் வெளியே போக முடியாது.

அயல்நாட்டுப் படங்கள் தரும் அச்சம் நம் வீடுகளுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் காட்சிக்குப் பிறகு ஷவரில் குளிப்பதையே தவிர்த்ததாக அதில் நடித்த ஜேனட் லீ சொல்லியிருக்கிறார். அந்தக் கொலைக்கு ஷவரும் திரைச்சீலையும் வேண்டும். வாளியும் மக்கும் மட்டும் உள்ள குளியலறையில் கொலையாளி மறைந்து நிற்க இடமில்லை. நின்றாலும் முதல் குவளைத் தண்ணீர் அவர் மேல்தான் விழும்.

பூட்டு விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கத்து மாங்காய்ப் பூட்டைப் பார்த்தாலே பாதித் திருடருக்கு மனம் விட்டுப்போகும். இருந்தும், படம் பார்த்த இரவில் மக்கள் நம்புவது பிளாஸ்டிக் நாற்காலியை. கதவுக்கு முட்டுக் கொடுக்கப்படும் இந்நாற்காலி, உள்ளே நுழைபவர் உட்கார மட்டுமே உதவும்.

அடுத்து ஒலியியல். பகலெல்லாம் யாரும் பொருட்படுத்தாத ஓசைகள் படம் முடிந்தபின் பொருள் பெறுகின்றன. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் நின்று மறுபடி கிளம்பும் அதிர்வு மூச்சுவிடுவது போலக் கேட்கும். பகல் வெயிலில் விரிந்த மரக்கதவும் தகரக் கூரையும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். இது இயற்பியல் என்று தெரிந்தவருக்கும் அந்நேரத்தில் இயற்பியல் நினைவுக்கு வராது. மேல்வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் யாரோ தட்டுவார்கள். பல்லியின் நிலைதான் பரிதாபம். எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் வகுத்துவைத்திருக்க, அன்றிரவு மட்டும் எட்டுத் திசைக்கும் ஒரே பலன்.

சோதனைக்குப் போவது யார் என்பதில் குடும்பங்களுக்குள் ஒழுங்கு உண்டு. “ஏங்க, பின்கதவைச் சாத்தினீங்களா?” என்பது கேள்வி போலத் தோன்றும் கட்டளை. “அப்பவே சாத்திட்டேனே” என்ற பதில் ஏற்கப்படுவதில்லை. போகிறவர் கையில் ஒட்டடைக் கம்போ கிரிக்கெட் மட்டையோ இருக்கும்; வழியிலுள்ள எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டே போவார். திரும்பும்போது அணைக்க மாட்டார். இதனால் ஏறும் மின்கட்டணம் இதுவரை எந்தப் படத்தின் தயாரிப்புச் செலவிலும் சேர்க்கப்படவில்லை.

இவ்வளவு சோதனையிலும் யாரும் எட்டிப் பார்க்காத இடம் சமையலறையின் சிலிண்டர். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் வகை வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். வருமுன் மூக்குக்குத் தகவல் சொல்லிவிட்டு வரும் இப்படிப்பட்ட நேர்மையான வில்லன் சினிமாவில் இல்லை, அதனால் மதிப்பும் இல்லை. வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். அதற்குமுன், கதவு சன்னல்களையெல்லாம் அகலத் திறந்துவிட வேண்டும். பின்படத் தாழ்ப்பாள் நோக்கின் அடிப்படைக் கொள்கையே இங்கே தலைகீழாகிறது. தீப்பிடித்தாலும் இதே கதிதான்: மூன்று தாழ், ஒரு பூட்டு, ஒரு நாற்காலி என்று அடுக்கிய குடும்பம் அவற்றைக் கழற்றிக்கொண்டு நிற்கும். சாவியைக் கதவருகே ஆணியில் மாட்டிவைப்பவர் படம் பார்க்காதவராகத்தான் இருப்பார்.

நோய்க்கு மருந்து வீடுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. படுத்துக்கொண்டே கைபேசியில் வடிவேலு நகைச்சுவைக் காட்சி ஒன்றைப் பார்ப்பது பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. இரண்டு காட்சிகள் போதும். அளவு மீறினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று யூடியூப் தானே ஊட்டிக்கொண்டிருக்கும். அச்சம் முதல் காட்சியிலேயே போய்விட்டிருக்கும். தூக்கம்தான் பால்காரர் மணியடிக்கும் வரை வராது.