மூத்த மோட்டார் சைக்கிளில் சார்ஜ் ஏறாமை: ஒரு மூலபாட ஆய்வு

சார்ஜ் ஏறாமையாவது, மோட்டார் சைக்கிளின் பேட்டரி பெற வேண்டியதைப் பெறாமலும், அதனால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலும் கிடக்கும் நிலை. ஹெட்லைட் மஞ்சளித்தல், ஹார்ன் தொண்டை கட்டுதல், இண்டிகேட்டர் ஒருமுறை கண் விழித்து அப்படியே நின்றுவிடுதல் ஆகிய மூன்றும் இதன் மெய்ப்பாடுகள். உரிமையாளரின் முகம் வாடுதலை நான்காவதாகச் சேர்ப்பாரும் உளர். அது வண்டியின்கண் நிகழ்வதன்று ஆகலின் இங்குக் கொள்ளப்படவில்லை.

ஆய்வின் எல்லை, இக்னிஷனுக்குப் பாயின்ட் வைத்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் வண்டி உருவாயிற்று. இந்த வரலாற்றுக்கும் சார்ஜ் ஏறாமைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஆய்வுக் கட்டுரையின் முதற்பகுதி வரலாறாகத்தான் இருக்க வேண்டும். மூட்டைப்பூச்சியைப் பற்றிய ஆய்வேடும் உலகத் தோற்றத்திலிருந்து தொடங்குவதே பட்டம் பெறும் வழி.

மின்சாரம் பிறக்குமிடம் எஞ்சினின் இடப்பக்கத்து பிரைமரி கேஸ். கிராங்க் ஷாஃப்டின் நுனியில் காந்தம் பதித்த ரோட்டார் சுழல, அதைச் சுற்றியுள்ள ஸ்டேட்டர் காயிலில் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. காயில் ஆயில் குளியலிலேயே ஆயுளைக் கழிக்கிறது. பிறந்த மின்சாரம் வயர் வழியே வெளியேறி, ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் எனும் ஆர்.ஆர். யூனிட்டில் ஒருதிசைப்பட்டு, அளவும் கட்டுப்பட்டு, பேட்டரியை அடைகிறது. இந்தப் பயணத்தில் காயில், கப்ளர், ஆர்.ஆர். யூனிட், ஆம்பியர் மீட்டர், ஃபியூஸ், எர்த், பேட்டரி என ஏழு நிலையங்கள் உள்ளன. பழுது இவற்றுள் எங்கும் இருக்கலாம். மரபோ பேட்டரியில்தான் இருக்கிறது என்கிறது. அந்த மரபின் முதல் நூற்பா வருமாறு:

உதைத்தும் எழாஅ வண்டிக் கெல்லாம்
பேட்டரி என்ப பெருங்கடை யோரே.

(பட்டறைச் சுவர், வடபுறம், கரி எழுத்து, சாமி காலண்டருக்குக் கீழே.)

‘பெருங்கடையோர்’ என்றது பேட்டரி விற்போரை. ‘என்ப’ என்றதனால் அவர் சொல்வதன்றிச் சோதித்துக் காண்பதில்லை என்பது பெறப்பட்டது என உரை கூறுவர். நூற்பாவை ஏற்றுப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் ஒரு வாரம் இன்புற்று, எட்டாம் நாள் மீண்டும் மரபிடமே வருவதால் மரபு வளர்ந்து வருகிறது.

சோதித்துக் காண்பதற்கு வேண்டுவது சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று. ஈய அமிலப் பேட்டரியின் ஒரு செல் முழுச் சார்ஜில் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆகவே ஆறு செல் கொண்ட 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். மூன்று செல் கொண்ட பழைய 6 வோல்ட் பேட்டரி 6.3. பன்னிரண்டேகாலுக்கு அருகே நின்றால் ஏறத்தாழ பாதி. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டதும் 11-க்குக் கீழே விழுந்தால் நூற்பா அந்த ஒருமுறை உண்மையே, பேட்டரிதான் போயிற்று. நீர் குறைந்திருந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். ஆசிடும் அன்று, பாட்டிலில் விற்கும் குடிநீரும் அன்று.

அடுத்தது ஆம்பியர் மீட்டர். ஹெட்லைட்டுக்கு மேலே, புலிக்கண் விளக்கு இரண்டுக்கும் நடுவே கொலுவிருக்கும் இக்கருவி, புல்லட்காரர்களின் பஞ்சாங்கம். சாவி போட்டு கிக்கரை மெல்ல அழுத்தும்போது முள் இடப்புறம் சாய்ந்தால் பாயின்ட் மூடியிருக்கிறது. நடுவுக்குத் திரும்பினால் திறந்துவிட்டது. அப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனை ஒரு சிறிது தாண்டவிட்டு உதைப்பதே சாஸ்திரம். பிழையாக உதைத்தவரைக் கிக்கர் திருப்பி உதைக்கும். ஓடும்போது முள் வலப்புறம் சாய்தல் வரவு, இடப்புறம் சாய்தல் செலவு. நடுவில் அசையாது நிற்றல் பேட்டரி நிறைவு; அல்லது மீட்டர் செத்துவிட்டது. இவ்விரண்டையும் வேறுபடுத்த ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினை ஐடிலில் விட்டால் போதும். உயிருள்ள முள் இடம் சாயும். ஐடிலில் முள் படபடவென நடுங்குவது இயல்பு. அந்த நடுக்கத்துக்கு வைத்தியம் செய்யப் புகுந்தவர்கள் நடுங்காத மீட்டரையும் ஓடாத வண்டியையும் பெற்றிருக்கிறார்கள்.

ஃபியூஸ்: எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றினால் அடுத்து எரிவது வயரிங் செட்.

இனி, இத்துறையின் தலையாய ஆய்வுப் பொருளாகிய ஆட்டிப் பார்த்தல். வண்டிநோய் நாடும் முறைகளுள் மிகத் தொன்மையானதும், கருவி வேண்டாததும், கூலி மட்டும் வேண்டுவதும் இதுவே. விளக்கை எரியவிட்டு, வயர்களை ஓரிடத்தில் பற்றி அசைத்து, ஒளி மினுங்குகிறதா எனக் காண்பது இதன் பொது இலக்கணம். அது விரலாட்டு, கையாட்டு, ஹேண்டில்பாராட்டு, வண்டியாட்டு என நால்வகைப்படும். தலையாட்டு ஐந்தாவது, கூலித்தொகையைக் கேட்டபின் உரிமையாளர் செய்வது.

விரலாட்டு, ஒவ்வொரு கப்ளரையும் தனித்தனியே இரு விரலால் அசைத்தல். பிழைபடாதது, பொறுமை வேண்டுவதால் அருகியே வழங்குகிறது. கையாட்டு, ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே பின்னிக் கிடக்கும் சிவப்பு, கறுப்பு, பச்சை வயர்களையும், முன்னோர் சுற்றிவைத்த இன்சுலேஷன் டேப்பின் பல அடுக்குகளையும் ஒரே பிடியாகப் பிடித்து உலுக்குதல். டேப்பின் அடுக்குகளைக் கொண்டு வண்டி எத்தனை கை மாறியது எனக் காலங்கணிக்கும் முறையொன்றும் உண்டு: கறுப்பு டேப்புக்குக் கீழே சிவப்பு டேப், அதற்குக் கீழே மருத்துவமனைப் பிளாஸ்திரி, அதற்கும் கீழே டேப் இல்லாக் காலம். ஹேண்டில்பாராட்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமும் கடைசிவரை ஒடித்தல். நால்வகையுள் அறிவியலுக்கு மிக நெருங்கியது இது. ஸ்டியரிங் கழுத்தை ஒட்டிப் போகும் வயர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்குவதால், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கண்ணுக்கு நல்ல வயர், கரண்டுக்கு இல்லாத வயர். வண்டியாட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முழு வண்டியையும் குலுக்குதல். பிற மூன்றும் தோற்றபின் மனநிறைவுக்காகச் செய்யப்படுவது.

இங்கு எழும் சிக்கல் ஒன்றுண்டு. ஆட்டும்போது விளக்கு எரிந்துவிட்டால், எந்த ஆட்டினால் எரிந்தது? கடைசி ஆட்டினால் என்பது பின்னாட்டுக் கொள்கை. முந்தைய ஆட்டிலேயே சரியாகிவிட்டது, வெளிச்சம் தெரியத் தாமதமாயிற்று என்பது முன்னாட்டுக் கொள்கை. தானே சரியாயிற்று என்ற மூன்றாம் கொள்கைக்குப் பில் போட முடியாமையால் அது தள்ளுபடி. முதலிரு தரப்பினரும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லாமலே ஒருவரையொருவர் மறுத்துக் கட்டுரைகள் வரைந்து வருகின்றனர். இரு தரப்பிலும் எவரும் வண்டியைப் பார்த்தவரல்லர். மூலத்தைப் பார்ப்பவர் மெக்கானிக் எனப்படுவார். மூலத்தைப் பார்த்தவர் சொன்னதைக் கேட்டவர் எழுதியதை மேற்கோள் காட்டுபவரே அறிஞர் எனப்படுவார்.

சான்று வேண்டுவோர் காட்டும் ஒரே சுவடி, புதுப்பேட்டைப் பாடம் எனப்படுவது. (பில் புத்தகம், இரண்டாம் கட்டு, கார்பன் பிரதியின் பின்புறம், டீ கிளாஸ் பதிந்த வட்டக் கறைக்கு உள்ளே, தலைகீழாக, பால்பாயின்ட், கறைக்கு வெளியே உள்ள கணக்கு பிற்காலத்தவர் கைவண்ணம், ஏனெனில் அதில் கூலி கூடியிருக்கிறது.) அதில் ‘ஆட்டினால் எரி’ என்பது வரை தெளிவு. எஞ்சிய எழுத்துகளைக் கிரீஸ் மூடிவிட்டது. ‘எரியும்’ என ஒரு சாரார் நிரப்பினர். ‘எரியாது’ என மறு சாரார். ஒரே வண்டியில் ஒரே மாலையில் இரண்டும் நிகழக் காண்பதால் இரண்டு பாடமும் கொள்ளத்தக்கன. கிரீஸைத் துடைத்துப் பார்க்கலாமே என்று கேட்ட உதவியாளப் பையன் டீ வாங்கிவர அனுப்பப்பட்டான். துடைத்தால் இரண்டு ஆய்வேடுகளில் ஒன்று வீணாகும்.

ஆட்டிப் பார்த்தலின் மெய்யான குறை வேறு. லூஸ் கான்டாக்ட் ஆட்டத்தில் தற்காலிகமாகப் பொருந்திவிட்டால் நோயோடு நோயின் தடயமும் மறைகிறது; அது மறுபடி வெளிப்படுவது திண்டிவனம் தாண்டி, மழையில். எனவே மினுங்கிய இடத்தை ஆட்டிவிட்டு அகலாமல், கப்ளரைப் பிரித்து, பச்சை பூத்த பித்தளையை நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, தளர்ந்த பின்னை நெருக்கி, சிறிது வாஸ்லின் தடவி மூட வேண்டும். எர்த்தையும் அப்படியே. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டால் அரை வோல்ட் காட்டக் கூடாது, 0.2-க்குள் இருப்பது நலம். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் பதில் சொல்லும் வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் எர்த்தே. அண்மையில் பெயின்ட் அடித்த வண்டியாயின் சந்தேகமே வேண்டாம். எர்த் போல்ட்டின் அடியிலும் பளபளவெனப் பெயின்ட் இருக்கும்; கரண்டுக்குப் பளபளப்பில் நாட்டமில்லை.

காயிலும் ஆர்.ஆர். யூனிட்டும் எஞ்சி நிற்பவை. எஞ்சினை நன்கு முறுக்கி, பேட்டரி முனைகளில் அளந்தால் 12 வோல்ட் வண்டி 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். முறுக்க முறுக்க 15-ஐயும் தாண்டி ஏறினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பல்புகள் அடிக்கடி போவதும், பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வீசுவதும் அதன் வேலை. முறுக்கியும் 12-ஐ விட்டு நகராவிடில் காயில் வயர்களை யூனிட்டிலிருந்து கழற்றி, மீட்டரை ஏ.சி.யில் வைத்து அளக்க வேண்டும். வேகத்துக்கேற்ப வோல்ட் ஏறினால் காயில் நலம், பழுது அதற்கு அப்பால். ஏறாவிடில் பிரைமரி கேஸைத் திறப்பதன்றி வழியில்லை. திறக்குமுன் அதன் ஆயிலைப் பிடிக்க ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வது, வீட்டு வாசலில் வேலை செய்வோருக்குக் குடும்ப அமைதியின் பொருட்டு இன்றியமையாதது.

இவை அனைத்தும் நலமாக இருந்தும் பேட்டரி இறங்கும் வண்டிகள் சென்னை ஜி.பி. ரோடு மரபைச் சேர்ந்தவை. சீட் கவர் மாற்றப் போன இடத்தில் கூடவே பூட்டப்பட்ட ஹாலோஜன், இரட்டை ஹார்ன், இரவில் நீலமாய் ஒளிரும் பட்டை ஆகியன இம்மரபின் அணிகள். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்க்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். 60 வாட் பல்பு 5 ஆம்பியர். வரவு அதே காயிலிலிருந்துதான். இந்த வீட்டுக் கணக்கைப் போடாமல் வயரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாவியை எடுத்தபின்னும் இரவோடிரவாகப் பேட்டரி இறங்குவது கசிவு. நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே டெஸ்ட் லாம்ப்பை வைத்தால், கசிவு கணிசமாயின் லாம்ப் எரியும். பிறகு ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிவர, எதைக் கழற்றும்போது அணைகிறதோ அதன் வழியில் கசிவு.

இறுதியாக, இரு பாடத்தாரும் ஒருமித்துப் போற்றும் ஒரு சோதனை உண்டு: எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா எனப் பார்த்தல். அதைச் செய்ய வேண்டாம். தாங்க பேட்டரி இல்லாதபோது வோல்ட் தாறுமாறாக எகிறி, ஆர்.ஆர். யூனிட்டும் எரிந்துகொண்டிருக்கும் பல்புகளும் ஒருசேரப் போய்விடும்.