தலையை எண்ணாதே, தரையை அள!

கொல்கத்தா பிரிகேட் மைதானத்தில் கூட்டம் போடும் கட்சியெல்லாம் 'வந்தவர்கள் பத்து லட்சம் பேர்' என்றால், எண்ணியது யார்?

மைக்தான்! நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு நாலரை சதுர அடி வேண்டும் என்று 1960களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார் அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ். பத்து லட்சம் பேருக்கு 103 ஏக்கர். தலையை எண்ண முடியாவிட்டால் என்ன, தரையை அளக்கலாமே!

கொல்கத்தாவை லண்டன் ஆக்குவேன் என்றாரே மம்தா பானர்ஜி, ஆக்கினாரா?

லேக் டவுனில் 2015-ல் ஒரு 'பிக் பென்' மணிக்கூண்டு எழுந்தது. உயரம் சுமார் 30 மீட்டர். லண்டனில் இருப்பது 96. ஆக, மூன்றில் ஒரு பங்கு லண்டன் ரெடி!

அரசியல் பேச்சைச் சரிபார்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கறுப்புப் பணம் திரும்பி வந்தால் ஆளுக்கு 15 லட்சம் என்ற தேர்தல் பேச்சை, 2015-ல் அமித் ஷாவே 'ஜும்லா', அதாவது வெறும் பேச்சு அலங்காரம், என்றுவிட்டார். பேச்சு அலங்காரத்தை எந்தத் தராசில் நிறுப்பது? எப்போது, எவ்வளவு, யார் பணத்தில் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது பொய்கூட இல்லை, வெறும் காற்று.

உண்மை சரிபார்ப்பில் கொல்கத்தாவின் காளிகாட்டுக்கு ஏதாவது பங்கு உண்டா?

உண்டே! 19-ஆம் நூற்றாண்டில் காளி கோயில் வாசலில் படம் விற்ற ஓவியர்கள், நெற்றியில் நாமமும் வாயில் இறாலுமாக ஒரு பூனையை வரைந்தார்கள். போலிச் சாமியாருக்கு அதுவே குட்டு. நீங்களும் நாமத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்.