பையில் புத்தகம், கையில் ஆர்டர் புக்

இந்த இதழ் கேள்வி-பதில் முழுக்க ஆனைக்குட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் படிக்கிற பிள்ளைகளுக்கு.

பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவர், ஆனைக்குட்டம்
கே: “படிக்கிற வயசில் காசு ஆசை கூடாது” என்கிறார் அப்பா. சின்னதாக ஒரு தொழில் தொடங்கினால் தப்பா?

ப: தப்பே இல்லை. நம் மாவட்டத்தில் படிப்பை வளர்த்ததே வியாபாரம்தான். விருதுநகர் வியாபாரிகள் மகமை என்ற பொதுநிதிக்குப் பணம் சேர்த்து 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலா பள்ளியைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே செமஸ்டர் மார்க்கையும் காட்டுங்கள். மார்க் குறையாதவரை அவர் தடுக்கமாட்டார்.

கல்லூரி மாணவி, திருத்தங்கல்
கே: கையில் முதல் இல்லை. எதில் தொடங்குவது?

ப: காலண்டரில். சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். ஆல்பத்தையும் விலைப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று ஏறி இறங்குங்கள். ஆர்டரோடு அட்வான்ஸும் வாங்கினால் உங்கள் முதல் தேவைப்படாது, கமிஷன் மிஞ்சும். ஒன்றில் மட்டும் கண்ணாக இருங்கள். கடைப் பெயர், முகவரி, செல் நம்பர் மூன்றையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அச்சுக்குப் போகுமுன் புரூஃபைக் காட்டிக் கையெழுத்தும் வாங்குங்கள். ஒரு எண் மாறினால் 500 காலண்டரும் உங்கள் தலையில் விழும்.

பிளஸ் டூ மாணவர், ஆமத்தூர்
கே: எனக்கு 17 வயது. என் பெயரில் கடை வாடகை ஒப்பந்தம் போடலாமா?

ப: போட்டாலும் செல்லாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறைந்தவர்தான் ஒப்பந்தம் செய்ய முடியும். மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அம்மா பெயரில் தொடங்குங்கள். கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். தொழில் கற்றுக்கொள்ள அது போதும்.

பி.பி.ஏ. மாணவர், ஆனைக்குட்டம்
கே: தீபாவளி சீசனில் வாட்ஸ்அப்பில் பட்டாசு ஆர்டர் பிடித்து அனுப்பலாமா? நண்பர்கள் செய்கிறார்களே?

ப: செய்யாதீர்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையதளங்கள் பட்டாசு விற்கத் தடை போட்டது. லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு விற்றால் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை சிறை. ரயிலில் பார்சல் ஏற்றினால் மூன்று ஆண்டுவரை. 100 ரூபாய் சரக்குக்கு 500 என்று பட்டியல் போட்டு “80 சதவீதம் தள்ளுபடி” என்று விளம்பரம் செய்வதும், பணம் வாங்கிக்கொண்டு சரக்கே அனுப்பாத போலித் தளங்களும் சிவகாசியின் பெயரைக் கெடுத்திருக்கின்றன. அந்த வரிசையில் நீங்கள் நிற்க வேண்டாம். 18 நிறைந்திருந்தால் லைசென்ஸ் உள்ள கடையில் சீசன் வேலைக்குச் சேருங்கள். பில் போடுவது, இருப்புக் கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசுவது மூன்றையும் சம்பளத்தோடு கற்றுத் திரும்பலாம்.

பெயர் வெளியிட விரும்பாத பத்தாம் வகுப்பு மாணவர்
கே: எங்கள் தெருவில் சில வீடுகளில் பட்டாசுக்கான கருந்திரி தயாரிக்கிறார்கள். லீவு நாளில் நானும் செய்தால் ஃபீஸ் கட்டலாமே?

ப: வேண்டாம் தம்பி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆலைக்கென்றே கட்டிய இடத்தில் அந்தக் கதி. அடுப்பெரிகிற வீட்டில் மருந்து வைத்தால் என்ன ஆகும்? லைசென்ஸ் இல்லாத தயாரிப்புக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர் பட்டாசு வேலையில் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது. ஃபீஸ் கஷ்டம் என்றால் இன்றே தலைமையாசிரியரைப் பாருங்கள். உதவித்தொகைக்கு வழி கேளுங்கள்.

டிப்ளமோ மாணவர், சாத்தூர்
கே: சின்ன வயதில் தொடங்கி ஜெயித்தவர் நம் பக்கம் உண்டா?

ப: சிவகாசியே சாட்சி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அய்ய நாடாருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பாஷை தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கித் தொழில் பழகினார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தொடங்கிய ஆண்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய கல்கத்தா மாதங்கள்தான். மழையை நம்பி வாழ்ந்த ஊருக்குத் தொழில் கொண்டுவந்தவர்கள், முதலில் ஒருவரிடம் போய் மாணவர்களாக நின்றார்கள்.

அவரே
கே: நண்பனோடு கூட்டுச் சேரலாமா?

ப: சேரலாம். யார் எவ்வளவு போட்டது, லாபம் எப்படி, பிரிந்தால் எப்படி என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மேலே சொன்ன இருவரும் சில ஆண்டுகளில் தனித்தனியே தொழில் நடத்தினார்கள்; இரண்டு பேருமே உயர்ந்தார்கள். எழுத்தில் இருந்தால் நட்பும் மிஞ்சும்.

பி.எஸ்சி. மாணவி, விருதுநகர்
கே: ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா?

ப: தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால், பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை வேண்டாம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவதானால் முதல் பில்லுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

பொறியியல் மாணவர், சிவகாசி
கே: அமெரிக்காவில் மைக்கேல் டெல் படிப்பை விட்டுத்தானே ஜெயித்தார்? நானும் விடலாமா?

ப: டெல் 1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் கம்ப்யூட்டர் தொழிலைத் தொடங்கினார். ஆர்டர் குவிந்த பிறகுதான் படிப்பை விட்டார். உங்களுக்கு இன்னும் ஆர்டரே வரவில்லை. தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்தைப் பாருங்கள். 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் அதில் கிடைக்கும். படிப்புக்கு பிளஸ் டூ தேர்ச்சியே போதும், ஆனால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த வாசல் திறக்கும் வயதுவரை படிப்பைத் தொடருங்கள்.

பி.காம். மாணவர், ஆனைக்குட்டம்
கே: படிப்பு முடியுமுன் வட்டிக்குக் கடன் வாங்கித் தொடங்கலாமா?

ப: கூடாது. படிக்கிற காலத்தில் நஷ்டம் வந்தால் அது உங்கள் சேமிப்போடு முடிய வேண்டும். அம்மாவின் தாலிக்கொடி வரை போகக் கூடாது. அட்வான்ஸ் வாங்கி நடத்துகிற தொழிலாகவே எடுங்கள். வரவையும் செலவையும் தினமும் ராத்திரி எழுதிவிட்டுப் படுங்கள். கடைசிப் பரீட்சை முடிந்து 21 வயதும் நிறைந்ததும் அந்த நோட்டோடு விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் நீட்ஸ் விண்ணப்பம் கேளுங்கள். கடன் வாங்குகிற வயதும் தகுதியும் அன்றைக்கு உங்களிடம் இருக்கும்.